கை தளர்ந்த வெளிச்சம்

"பின்வரிசையில் நிற்பவர்களுக்கும்
முகம் கொடுத்திருக்கிறார்" என்று
நடுவர் குறிப்பில் இருந்ததாம்.
மேடையில் வாசித்தபோது எனக்குப் புழுக்கம்.
வாடகைக் கோட்டு.
கைத்தட்டல் ஓயுமுன்
தயாரிப்பாளர் காதருகே வந்து,
"அந்த வரிசைக்கு மட்டும்
ஜெனரேட்டர் டீசல் எவ்வளவு போச்சு தெரியுமா?" என்றார்.
அதுவும் பாராட்டுதான்.

நித்திரவிளை சந்தி,
மருந்துக்கடைக்கு மேலே ஜெனிபா வீடியோஸ்.
பதினாறு வயதில் அங்கே நான்
ஹாலோஜன் பிடிக்கிற பையன்.
மூங்கில் கம்பின் நுனியில் ஆயிரம் வாட்,
கம்பின் அடியில் நான்,
பந்தல் முழுக்க என் பின்னால் இழுபடும் வயர்.
முதலாளி ரசலையனுக்கு ஒரே சட்டம்:
"வெளிச்சம் பொண்ணுக்க கழுத்துல நிக்கணும்லே.
நகைக்குத்தான் காசு."

நின்றது.
வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை...
எத்தனை கழுத்து!
பந்தியில் இலை இலையாய் ஓடுகிற கேமரா
யார் முகத்திலும் தங்காது.
தங்கினால் கேசட் வீண்.

பிறகு சென்னை. நாலு பேருக்குக் கீழே
ஃபோகஸ் பிடித்தேன்.
கதாநாயகன் மூக்கிலிருந்து லென்ஸ் வரைக்கும்
டேப் வைத்து அடியும் அங்குலமும் அளந்தேன்.
அவனுக்குப் பின்னால் நிற்பவர்கள்
பஞ்சுபோல் கலங்க வேண்டும்.
கலங்கினார்கள்.
கலக்குவதில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தேன்.

ஒக்கிக்கு மூன்றாம் நாள் ஊர் வந்தேன்.
கடலைப் படம் பிடிக்கவில்லை;
அதற்கு எல்லாச் சேனலும் வந்திருந்தது.
ஜெனிபா வீடியோஸ் மாடிப்படியில்
கீழே ரோடு வரை வரிசை.
ஒவ்வொரு கையிலும் ஒரு பாலித்தீன் பை,
அதற்குள் யாரோ ஒருவருடைய கல்யாண டிவிடி.
"எனக்க ஆளு இதுல எங்கயோ உண்டு.
கண்ணு தொறந்தது ஒண்ணு எடுத்துத் தா மக்களே."

நிறுத்தினோம். ஓட்டினோம். நிறுத்தினோம்.
தோள் கிடைத்தது.
பிடரி கிடைத்தது.
அப்பளம் நொறுக்கும் பாதி வாய் கிடைத்தது.
இருட்டு நிறையக் கிடைத்தது,
நான் பிடித்த வெளிச்சத்துக்கு
ஒரு முழம் இந்தப் பக்கம்.

பிரகாசி நாலு மணி நேரம் நின்றாள்.
அவள் கணவன் ஜெர்வாஸ்
நாத்தனார் கல்யாணத்தில் சாம்பார் விளம்பியவன்.
பதின்மூன்று இடத்தில் கடந்து போகிறான்,
பதின்மூன்றிலும் நிழல்.
அடுத்ததில்
வாளியும் கையுமாக யாரையோ கூப்பிடுகிறான்.
நெற்றி, மீசை, பல், எல்லாம் பளிச்.
அன்று கை கடுத்துக் கம்பு சரிந்தது,
ரசலையன் ஏசினார், நிமிர்த்தினேன்.
மொத்தம் இரண்டு வினாடி.

போஸ்டருக்கு வாளியை வெட்டி எடுத்தோம்.
நீலக் கோட்டு மாட்டினோம், டை கட்டினோம்.
கோயில் மதிலில் பசை காய்வதற்குள்
ஒரே கோட்டில் முப்பது பேர்.

அதற்கப்புறம் ஒளிப்பதிவு செய்த ஐந்து படத்திலும்
ஒரு விளக்கையாவது சரித்து வைக்கிறேன்.
இயக்குநர் கேட்டால் 'மூட்' என்பேன்.
சண்டை வந்திருக்கிறது.
ஒரு படம் கைவிட்டும் போயிருக்கிறது.

விருதுச் செய்தி வந்த இரவு
பிரகாசி கூப்பிட்டாள். வாழ்த்த இல்லை.
"கோட்டு போட்டது வேண்டாம் கிளீட்டசே.
வாளி உள்ளது உனக்கிட்ட இருக்கா?
சின்னவன் கேக்கான்,
அப்பாக்க கை எப்பிடி இருக்கும்னு."

ரசலையன் கடையை மூடியாயிற்று.
ஹார்ட் டிஸ்க் எடைக்குப் போயிற்று.
மணப்பெண் மஸ்கட்டிலிருந்து
ஆள் வசம் கொடுத்தனுப்பிய வட்டில் பூஞ்சை.
ஆனாலும் ஓடுகிறது:
மெழுகுவர்த்தி, தாலி, கேக், கழுத்து, கழுத்து,
பந்தி தொடங்கி
வாளியின் விளிம்பு
ஃப்ரேமுக்குள் வருகிற வரைக்கும்.
பிறகு கட்டம் கட்டமாக உடைகிறது.

எடுத்துத் துடைக்கிறேன்,
பனியன் துணியால்,
நடுவிலிருந்து வெளியே, சுற்றாமல்.
மறுபடி போடுகிறேன்.